புழுவுக்கு ரத்தப் பரிசோதனை

புழுவின் ரத்தம் சிவப்பாக இருக்காது என்பதை எங்கள் ஆய்வகத்துக்கு வருகிற எல்லோரிடமும் வாசலிலேயே சொல்லிவிடுவோம். அப்படியும், சொட்டைக் காட்டியதும் ரத்தம் எங்கே என்று கேட்காதவரை நான் இன்னும் பார்க்கவில்லை.

சேலத்துக்கும் ராசிபுரத்துக்கும் நடுவே இருக்கிற ஒரு கல்லூரியில், விலங்கியல் துறையில், புழுவுக்கு ரத்தம் எடுத்துப் பார்ப்பது என் வேலை. முதலில் முனைவர் பட்டத்துக்காகச் செய்தேன். பட்டம் வாங்கிய பிறகு அதே அறையில், அதே நாற்காலியில் உட்கார்ந்து சம்பளத்துக்குச் செய்கிறேன். பார்க்கிற வேலையைச் சொந்தக்காரர்களுக்கு ஒரு வரியில் சொல்லத் தெரியாமல் கல்யாண வீடுகளில் முழித்தவர் யாராவது இருந்தால், நீங்கள் என் கட்சி. கொஞ்சம் நகர்ந்து எனக்கும் இடம் கொடுங்கள்.

எனக்கும் ஒரு வரியில் சொல்ல வராது, நாலு வரியில் சொல்கிறேன். பூச்சிகளைக் கொல்லும் பூஞ்சைகள் சில உண்டு. பூச்சி அவற்றைத் தின்னக்கூட வேண்டாம். கண்ணுக்குத் தெரியாத வித்து ஒன்று தோலின்மேல் விழுந்தால் போதும். முளைத்து, தோலைத் துளைத்து, உள்ளே இறங்கிவிடும். உள்ளே ரத்தத்தில் மிதக்கிற அணுக்கள் அதைச் சும்மா விடுவதில்லை. சூழ்ந்துகொள்ளும், விழுங்கப் பார்க்கும், கட்டிப்போடும். அந்தச் சண்டை எப்படிப் போகிறது, எந்த இடத்தில் யார் கை ஓங்குகிறது என்று பார்த்து எழுதுவதுதான் என் பிழைப்பு.

வண்டு விழுந்த மாவு

ஆய்வகத்துப் புழுவுக்கு இலை போட்டுக் கட்டுபடியாகாது. கொண்டைக்கடலை மாவையும் ஈஸ்ட்டையும் கடல்பாசியோடு காய்ச்சி, ஆறவைத்து, அல்வாத் துண்டு மாதிரி வெட்டிப் போடுவோம். சேர்ந்த புதிதில் அந்தக் கடலையை வாங்க மாதம் ஒரு முறை சேலம் செவ்வாய்ப்பேட்டைக்கு நான்தான் போவேன். மூட்டையும் ஆட்டோவும் ஆளும் இடித்துக்கொள்ளும் சந்தில் ஒரு மொத்தக்கடை. கடைக்காரர் நான் கேட்டரிங் நடத்துகிறேன் என்று அவராகவே முடிவு செய்திருந்தார். நானும் மறுக்கவில்லை. மைசூர்பாகுக்கு எந்தக் கடலை நல்லது என்று அவர் சொல்வதைக் கேட்டுக்கொண்டு வந்துவிடுவேன்.

ஒரு முறை மூட்டையைப் பிரித்தால் உள்ளே வண்டு. திருப்பி எடுத்துக்கொண்டு போனேன். சலித்துக்கொண்டால் போகிறது, இனிப்பில் யாருக்கும் தெரியாது என்று அவர் சமாதானம் சொன்னார். வேறு வழியில்லாமல் உண்மையைச் சொன்னேன். இது புழுவுக்குப் போடுகிற தீனி, வண்டோடு பூசணமும் சிலந்திப்பேனும் உள்ளே வந்துவிடும், ஏற்கெனவே நோய்ப்பட்ட புழுவை வைத்துக்கொண்டு நான் எந்தப் பரிசோதனையும் செய்ய முடியாது என்று பொறுமையாக விளக்கினேன். அவர் என்னையும் மூட்டையையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு உள்ளே திரும்பி, மூட்டை தூக்குபவரிடம் சொன்னார்: "புழு திங்கற கடலையில புழு இருக்கக் கூடாதாம்ப்பா. புது மூட்டையப் பிரி."

கறுத்துப் போகிற சொட்டு

புழுவின் காலில் ஊசியால் லேசாகத் தொட்டால் இளம்பச்சையாக ஒரு சொட்டு வரும். அதைக் கண்ணாடித் தகட்டில் வாங்கி மைக்ரோஸ்கோப்புக்குக் கொண்டுபோவதற்குள் கறுத்துவிடும். மசி கொட்டியதைப் போல ஆகிவிடும். காயம் பட்டால் கறுத்து இறுகுவது புழுவின் தற்காப்பு. வந்த எதிரியை அந்தக் கறுப்புக்குள்ளேயே அடைத்துக் கொன்றுவிடும். புத்தகத்தில் படித்தபோது அழகாக இருந்தது. என் தகடுகள் ஒவ்வொன்றாகக் கறுத்துப் போனபோது அழுகை வந்தது. ஒரு மாதம் முழுக்க நான் ஒரு அணுவைக்கூடப் பார்க்கவில்லை.

எங்கள் அறையில் இன்னொரு ஆராய்ச்சி மாணவர் உண்டு, ஜெயக்குமார். கெங்கவல்லிக்காரர். அவருடைய பாடம் பூஞ்சை. அவர் தட்டுத் தட்டாக வெள்ளையும் பச்சையுமாகப் பூஞ்சை வளர்த்து அடுக்கிக்கொண்டிருந்தபோது, நான் மேசையின் இந்தப் பக்கம் கறுத்த தகடுகளைக் கழுவிக்கொண்டிருந்தேன். கடைசியில் ஊசி, குழாய், உப்புக் கரைசல், புழு எல்லாவற்றையும் ஐஸில் வைத்து வேலை செய்து பார்த்தேன். அன்றைக்குச் சொட்டு தெளிவாக நின்றது. உருண்டையாகச் சில அணுக்கள், கதிர் போல நீண்டவை சில, கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு ஆப்பம் போல நடுவில் தடித்து ஓரத்தில் மெலிந்து விரிந்தவை சில. ஜெயக்குமாரைக் கூப்பிட்டுக் காட்டினேன். நிதானமாகப் பார்த்தார், பாராட்டுவார் என்று நின்றிருந்தேன். அவர் நிமிர்ந்து சொன்னார்: "நல்லாத்தான் இருக்கு. இப்ப இதுங்களுக்கு என் பூஞ்சையக் குடுங்க."

ஒரு நாள் வெற்றி

கொடுத்தேன். அவருடைய பச்சைப் பூஞ்சையின் வித்துகளைக் கரைத்துப் புழுவுக்குள் ஊசி போட்டு, சில மணி நேரம் கழித்து ரத்தம் எடுத்தேன். அந்தக் காட்சியை நான் மறக்க மாட்டேன். வித்துகளை அணுக்கள் நாலாபுறமும் மொய்த்திருந்தன. ஒன்றின்மேல் ஒன்றாக ஏறி, ஒட்டி, முடிச்சு முடிச்சாகத் திரண்டு, நடுவில் கறுக்கத் தொடங்கியிருந்தன. தனியாகச் சுற்றிய வித்து ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. துறையில் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினேன். டீ வரவழைத்தேன். ஜெயக்குமாரும் குடித்தார்.

மறுநாள் காலையில் அதே கூட்டத்தில் இன்னொரு புழுவைப் பார்த்தேன். முடிச்சுகள் அப்படியே இருந்தன. ஆனால் அவற்றைச் சுற்றி, குச்சி குச்சியாக ஏதோ ரத்தத்தில் தாராளமாக மிதந்துகொண்டிருந்தது. முடிச்சுக்குள்ளிருந்து தப்பி முளைத்த பூஞ்சைதான் அது. என் அணுக்கள் அதை உரசிக்கொண்டே போயின, நிற்கவில்லை. என் வழிகாட்டிப் பேராசிரியர் வந்து பார்த்துவிட்டு விளக்கினார். உள்ளே வந்ததும் பூஞ்சை தன் மேல் பூச்சை மாற்றிக்கொள்கிறது, எந்த அடையாளத்தை வைத்து அணுக்கள் அதைக் கண்டுபிடித்தனவோ அந்த அடையாளம் இப்போது வெளியே இல்லை, போதாததற்கு அணுக்கள் விரிய முடியாதபடி ஒரு நஞ்சையும் விடுகிறது என்றார். அன்றைக்கு ஆப்பம் போல விரிந்த அணு ஒன்றையும் நான் பார்க்கவில்லை. எல்லாம் சுருண்டு கிடந்தன. நான் மத்தியானச் சாப்பாட்டைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தேன். ஜெயக்குமார் தன் டப்பாவோடு எதிரே வந்து உட்கார்ந்து, கேலி செய்யாமல் சொன்னார்: "உங்க ஆளுங்க நேத்து நல்லாத்தான் சண்ட போட்டாங்க, கவிதா. எங்காளு சட்டைய மாத்திக்கிட்டான்."

ஆளுக்கொரு கப்

மக்காச்சோளப் படைப்புழுவை வயலிலிருந்து பிடித்துவர வேண்டுமென்றால் ஒரே டப்பாவில் போட முடியாது. ஒன்றை ஒன்று தின்றுவிடும். ஆத்தூரில் பஸ் ஏறும்போது என் கையில் ஒரு பெரிய பெட்டி, அதற்குள் மூடிபோட்ட குட்டிக் கப்புகள், கப்புக்கு ஒரு புழு, ஒரு துண்டு இலை. வாழப்பாடி தாண்டியபோது கூட்டம் கழுத்தை நெரித்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா பெட்டிக்குள் என்ன என்று கேட்டார். மூடியைத் திறந்தே காட்டினேன், ஏன் தனித்தனியாக வைத்திருக்கிறேன் என்றும் சொன்னேன். பயப்படுவார் என்று நினைத்தேன். அவர் மடியில் இருந்த பேரப்பிள்ளையை இன்னொரு தொடைக்கு மாற்றிக்கொண்டு, தன் இடுப்பில் இடித்துக்கொண்டு நின்றவரை ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சொன்னார்: "புழுவுக்கு ஆளுக்கொரு ரூமு. நாம மூணு பேரு ஒரே சீட்டுல."

அப்பாவின் கேள்வி

என் அப்பா போர்வெல் போடுகிற ரிக் வண்டியில் டிரில்லர். வருஷத்தில் பாதி நாள் வடக்கே எங்காவது பாறையைத் துளைத்துக்கொண்டிருப்பார். ஊருக்கு வந்தால் திருச்செங்கோட்டுப் பக்கம் எங்களுக்கு இருக்கிற கொஞ்சம் மானாவாரிக் காட்டில் மக்காச்சோளம் போடுவார். ஒரு விடுமுறையில் என்னைப் பார்க்கக் கல்லூரிக்கு வந்தவரை மைக்ரோஸ்கோப்பில் உட்காரவைத்தேன். புழுவின் தோலை ஒரு வித்து துளைத்துக்கொண்டிருக்கிற தகடு அது. அணுக்களைவிட அந்தத் துளைதான் அவருக்குப் பிடித்தது. வெறும் அழுத்தத்தில் போகிறதா, எதையாவது கரைத்துக்கொண்டு போகிறதா என்று கேட்டார். இரண்டும்தான் என்றேன். தலையை ஆட்டிக்கொண்டார். பட்டம் வாங்கிய பலர் கேட்காத கேள்வி அது.

பிறகு அடுத்த தகட்டில் அணுக்கள் பூஞ்சையைச் சூழ்ந்திருப்பதைக் காட்டினேன். எவ்வளவு நன்றாகச் சண்டை போடுகின்றன என்று நான் பெருமையாகச் சொல்லிக்கொண்டே போனேன். அவர் கண்ணை எடுத்தார். போன போகத்தில் குருத்தெல்லாம் புழு தின்று எங்கள் காடு சல்லடையாக நின்றது அவருக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும். நீ யார் பக்கம் என்று கேட்டார். புழு எந்த இடத்தில் பலமாக இருக்கிறது என்று தெரிந்தால்தான் அதை ஏமாற்றக்கூடிய பூஞ்சையைத் தேர்ந்தெடுக்க முடியும், எந்தப் பூஞ்சைக்கு இந்த அணுக்கள் சீக்கிரம் விழுகின்றனவோ அதைத்தான் காட்டுக்கு அனுப்புவோம், அதற்காகத்தான் எண்ணுகிறேன் என்றேன். அப்பா எழுந்து சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு சொன்னார்: "அப்பச் சரி சாமி. ஒண்ணு விடாம எண்ணு."

ஃபேர்லேண்ட்ஸில் என் முறை

ஒரு மழைக்காலத்தில் எனக்கே காய்ச்சல் வந்து, சேலம் ஃபேர்லேண்ட்ஸில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். ரத்தம் எடுத்த பெண்ணிடம் அணு எண்ணிக்கையை மெஷினில் பார்ப்பீர்களா, கையால் எண்ணுவீர்களா என்று கேட்டுவிட்டேன். தொழில் பழக்கம். எந்த ஆஸ்பத்திரி லேப்பில் இருக்கிறீர்கள் என்று அவர் ஆவலாகக் கேட்க, நான் விவரம் சொன்னேன். கட்டம் போட்ட தகட்டில் ஒவ்வொன்றாக எண்ணுவது, ஒரு புழுவுக்கு மூன்று தரம் எண்ணுவது எல்லாவற்றையும். வெளியே ரிப்போர்ட் எப்போது கிடைக்கும் என்று இரண்டு பேர் கவுண்டரைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். அவர் பஞ்சை என் கையில் அழுத்திவிட்டுப் பெருமூச்சோடு சொன்னார்: "உங்க பேஷன்ட்டு ரிப்போர்ட் எப்பன்னு கேக்காதுல்ல மேடம். குடுத்து வச்சவங்க நீங்க."

கெங்கவல்லியில் கறுப்புப் புள்ளி

பச்சைப் பூஞ்சையை முதன்முதலாக வயலில் அடித்துப் பார்த்தது கெங்கவல்லியில், ஜெயக்குமாரின் பெரியப்பா ராமசாமியின் மக்காச்சோளத்தில். சொந்தக்காரர் என்பதால் சம்மதித்தார், சொந்தக்காரர் என்பதாலேயே நம்பவில்லை. ஒரு திங்கள்கிழமை சாயங்காலம் வெயில் தாழ்ந்த பிறகு, குருத்துக்குள் இறங்கும்படி நாங்களே கூடநின்று அடித்தோம். வியாழக்கிழமை அவரிடமிருந்து போன். புழு ஒன்றுகூடச் சாகவில்லை, உடம்பில் கறுப்பாகப் புள்ளி விழுந்திருக்கிறது, மற்றபடி தின்றுகொண்டுதான் இருக்கிறது, மறுநாள் காலையில் கடை மருந்தை அடித்துவிடப் போகிறேன் என்றார். அவர் மேல் தப்பில்லை. குருத்து போய்விட்டால் கதிர் வராது. அந்தப் போகமே கையை விட்டுப் போகும்.

ஜெயக்குமாருக்கு முகம் வாடிவிட்டது. அவருடைய பூஞ்சை, அவருடைய பெரியப்பா. ஆனால் கறுப்புப் புள்ளி என்ற வார்த்தையைக் கேட்டதும் எனக்குத் தெம்பு வந்துவிட்டது. அது என் பாடம். பூஞ்சை துளைத்த இடத்தில்தான் தோல் அப்படிக் கறுக்கும். துளைக்காமல் புள்ளி விழாது. அன்றே பஸ் பிடித்துப் போனோம். வரப்பில் ஐஸ் பெட்டியை வைத்துக்கொண்டு பத்துப் பதினைந்து புழுக்களுக்கு ரத்தம் எடுத்து, கையோடு கொண்டுபோன சின்ன மைக்ரோஸ்கோப்பில் பார்த்தேன். அணுக்கள் பாதிக்குமேல் குறைந்திருந்தன. இருந்தவையும் சுருண்டு கிடந்தன. குச்சிகள் மிதந்தன. நான் ராமசாமியிடம் நேராகச் சொன்னேன்: இந்தப் புழுக்கள் நடமாடுகின்றனவே தவிர, உள்ளே தோற்றுவிட்டன, நாளைக்குத் தீனி குறையும், ஞாயிற்றுக்கிழமை விறைத்துப் போகும், அதுவரைக்கும் மருந்து அடிக்க வேண்டாம். தவறினால் என்ன செய்வீர்கள் என்று அவர் கேட்டார். தவறாது என்றேன். அந்த நேரத்தில் எனக்குச் சந்தேகமே இல்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில்தான் குறிப்பேட்டை எடுத்து எண்ணிக்கையை மறுபடி கூட்டிப் பார்த்தேன்.

ஞாயிற்றுக்கிழமை போனோம். குருத்துகளில் புழுக்கள் சுண்ணாம்புக் குச்சி போல விறைத்து ஒட்டிக்கொண்டிருந்தன. சிலவற்றின்மேல் வெள்ளை போர்த்து, பச்சை தட்டத் தொடங்கியிருந்தது. ஆனால் கிழக்கே மேட்டுப்பாங்கான பகுதியில் புழுக்கள் கொழுகொழுவென்று உயிரோடு இருந்தன. தேடிப் பார்த்தால் குருத்துக்குள் உரித்துப் போட்ட தோல்கள், அந்தத் தோலில் கறுப்புப் புள்ளிகள். பூஞ்சை துளைத்து முடிப்பதற்குள் அவை சட்டையை உரித்துவிட்டுத் தப்பியிருக்கின்றன. பூஞ்சைக்கு ஈரம் வேண்டும், மேடு சீக்கிரம் காய்ந்துவிட்டதும் அவற்றுக்குச் சாதகமாகப் போயிருக்கிறது. நான் வியாழக்கிழமை ரத்தம் எடுத்ததெல்லாம் பள்ளத்தில். மேட்டுப் பக்கம் நான் போகவே இல்லை. அதையும் அவரிடம் சொன்னேன். ராமசாமி விறைத்த புழு ஒன்றைக் கையில் எடுத்து ஒடித்துப் பார்த்தார். பிறகு கிழக்கே கையைக் காட்டிச் சொன்னார்: "முக்கால்வாசி நீங்க சொன்னாப்ல நடந்துருச்சு. அந்தக் கால்வாசிக்கு மட்டும் மருந்து அடிச்சுக்கறேன், கோவிச்சுக்காதீங்க."

பழனியம்மாளின் ஸ்டாண்டுகள்

கெங்கவல்லிக்குப் பிறகு எங்கள் பூஞ்சைக்குப் பெயர் பரவியது. விவசாயிகள் தேடி வந்தார்கள். பச்சைப் பூஞ்சையோடு வெள்ளைப் பூஞ்சையும் பொட்டலம் போட்டுக் கொடுத்தோம். வாங்குகிறவர் ஒரு படிவம் நிரப்ப வேண்டும். பக்கத்தில் பட்டுப்புழு வளர்க்கிறார்களா என்பது அதில் ஒரு கேள்வி. வெள்ளைப் பூஞ்சைக்குக் கெட்ட புழு எது, பட்டுப்புழு எது என்று பிரித்துப் பார்க்கத் தெரியாது, அதனால் அந்தக் கேள்வி.

ஒரு ஐப்பசி மாதம், நாமக்கல் பக்கத்திலிருந்து பழனியம்மாள் என்ற பெண் ஒரு டிபன் பாக்ஸோடு ஆய்வகத்துக்கு வந்தார். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். வீட்டுக்குப் பின்னால் கொட்டகை போட்டுப் பட்டுப்புழு வளர்ப்பவர். பாக்ஸைத் திறந்தால் விறைத்துப்போன பட்டுப்புழுக்கள். இரண்டு நாளாக நாலைந்து இப்படிக் கிடக்கின்றன, மேற்கே கத்தரித் தோட்டத்துக்காரர் உங்களிடம் வாங்கிய பவுடரைப் போன வாரம் அடித்தார், இது அதுதானா என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். ஜெயக்குமார் பீரோவிலிருந்து படிவத்தை எடுத்தார். பொட்டலம் கொடுத்தது அவர். பட்டுப்புழுக் கேள்விக்கு எதிரே ஒன்றும் எழுதியிருக்கவில்லை. கீழே சரிபார்த்ததாகக் கையெழுத்து, என்னுடையது.

விறைத்த புழுவை ஈரத்தில் வைத்து வெள்ளை போர்க்கிறதா என்று பார்க்க இரண்டு நாளாகும். அதுவரை உட்கார்ந்திருக்க முடியாது. மைக்ரோஸ்கோப்பைத் தூக்கிக்கொண்டு அவரோடேயே கிளம்பினோம். கொட்டகையில் புழுத் தட்டுகள் அடுக்கிய மூன்று ஸ்டாண்டுகள். நாலாவது தோலுரிப்பு முடிந்து புழுக்கள் இலையைத் தின்னும் சத்தம் மழை பெய்வது போலக் கேட்டது. கூடு கட்ட நாலைந்து நாள்தான் இருந்தது. எல்லாம் பார்வைக்கு நன்றாகவே இருந்தன. ஸ்டாண்டுக்குப் பத்துப் பதினைந்து புழுவாகக் காலில் ஊசி தொட்டு ரத்தம் எடுத்தேன். முதல் ஸ்டாண்டிலும் இரண்டாவதிலும் எடுத்த சொட்டுகளில் அணுக்கள் அருகிப் போய், நொய்யரிசி கொட்டியது போலப் பூஞ்சைக் குச்சிகள். மூன்றாவதில் ஒன்றுகூட இல்லை, அணுக்கள் முழுசாக, பளிச்சென்று இருந்தன. எந்த ஸ்டாண்டுக்கு எந்த வரிசை இலை போட்டீர்கள் என்று கேட்டேன். முதல் இரண்டுக்கும் மேற்கு ஓர மல்பெரி, மூன்றாவதுக்குக் கிழக்கு வரிசை என்றார். காற்று எப்படி வந்தது என்று அவரே சொல்லத் தேவையில்லாமல் எல்லோருக்கும் புரிந்துவிட்டது.

இரண்டு ஸ்டாண்டுப் புழுவையும் இன்றைக்கே வெளியே எடுத்து எரித்துவிட வேண்டும் என்றேன். விட்டால் செத்து, வெள்ளை போர்த்து, அந்த வித்து மூன்றாவது ஸ்டாண்டுக்கும் போகும். அவர் தட்டில் மொசுமொசுவென்று தின்றுகொண்டிருந்த புழுக்களைப் பார்த்தார். "திங்கற புழுவ எப்படிங்க அம்மிணி கொளுத்தறது?" என்றார். நான் அவரை மைக்ரோஸ்கோப்பில் உட்காரவைத்து, முதலில் மூன்றாவது ஸ்டாண்டின் சொட்டைக் காட்டினேன், அடுத்து முதல் ஸ்டாண்டின் சொட்டை. அவர் இரண்டையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இந்த உருண்டையெல்லாம் எங்கே போயிற்று என்று கேட்டார். தோற்றுப்போய்விட்டது என்றேன். அப்புறம் அவர் எழுந்து, தன் வீட்டுக்காரரைக் கூப்பிட்டு, முதல் ஸ்டாண்டின் தட்டுகளை இறக்கத் தொடங்கினார்.

படிவ விஷயத்தை அதற்கு முன்பே சொல்லியிருக்க வேண்டும். சொட்டு பார்ப்பதைச் சாக்காக வைத்துத் தள்ளிப்போட்டேன். தட்டுகள் பாதி வெளியே போன பிறகு, இதற்குமேல் தாங்காது என்று தோன்றியபோது, அவரை வாசல் பக்கம் கூப்பிட்டுச் சொன்னேன். கேள்வி இருந்தது, பதில் இல்லாமலே நான் கையெழுத்துப் போட்டேன் என்றேன். கேட்காமல் கொடுத்தது நான்தான் என்று ஜெயக்குமார் பக்கத்தில் வந்து நின்றார். பழனியம்மாள் எங்கள் இரண்டு பேரையும் பார்த்தார். அடுத்த தட்டை இறக்க உள்ளே போய்விட்டார். நாங்களும் பின்னாலேயே போய், பொழுது சாயும்வரை தட்டு இறக்கினோம், ஸ்டாண்டைக் கழுவினோம், சுண்ணாம்பும் கிருமிநாசினித் தூளும் தூவினோம். ஜெயக்குமார் கத்தரித் தோட்டத்துக்காரர் வீட்டுக்குப் போய் மிச்சப் பொட்டலங்களை வாங்கி வந்தார். அடுத்த நாலு நாளும் காலையில் முதல் பஸ்ஸில் வந்து மூன்றாவது ஸ்டாண்டில் ரத்தம் எடுத்துப் பார்த்தேன். கிழக்கு வரிசை இலையை மட்டுமே கழுவி, உலர்த்திப் போட்டார்கள். ஒரு நாள்கூடக் குச்சி தென்படவில்லை. ஐந்தாம் நாள் புழுக்கள் தலையை ஆட்டிக்கொண்டு இழை விடத் தொடங்கின.

கூடுகளைப் பிரித்தெடுக்கிற அன்றைக்குச் சொல்லி அனுப்பினார். போனோம். மூன்றாவது ஸ்டாண்டு முழுக்க வெள்ளை வெளேரென்று கெட்டியான கூடுகள். ஒன்றை என் காதருகே ஆட்டிக் காட்டினார், உள்ளே கூட்டுப்புழு குலுங்கும் சத்தம் கேட்டது. அந்தப் படிவம் இப்போது எங்களிடம் வேறு மாதிரி இருக்கிறது. பட்டுப்புழுக் கேள்விக்குப் பதில் எழுதாவிட்டால் பொட்டலங்கள் இருக்கிற அலமாரியின் சாவியே வெளியே வராது. அதை அவரிடம் சொன்னேன். கேட்டுக்கொண்டார். நாங்கள் கிளம்பும்போது வாசல்வரை வந்து, ஜெயக்குமாரைப் பார்த்து இல்லை, என்னைப் பார்த்துத்தான் சொன்னார்: "ரெண்டு ஸ்டாண்டு போனது போவட்டும் அம்மிணி. இனி மேக்கால காட்டுக்காரருக்குப் பவுடர் குடுக்கறப்ப, காயிதத்த அப்பறம் பாருங்க, மொதல்ல எனக்கொரு போன் போடுங்க."

ஆக, புழுவின் ரத்தத்தில் என்ன நடக்கிறது என்று கண்டுபிடிக்க எனக்கு ஒரு மைக்ரோஸ்கோப்பும் ஐஸ் பெட்டியும் போதுமாக இருந்தன, நடந்ததை நேரில் நின்று மனிதர்களிடம் சொல்வதற்குத்தான் இன்னும் எந்தக் கடையிலும் கருவி கிடைக்கவில்லை.